கூரைக்கும் சாதி உண்டு

என் சித்தப்பா மகன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். மூன்று ஆண்டுகளாக விழுப்புரம் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் சோலார் பேனல் மாட்டுகிறான். சென்ற கோடையில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் வேலை. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்குள் இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு என்று வீட்டுக்காரர் விசாரித்திருக்கிறார். பதிலைக் கேட்டதும், "உள்ள பூஜை நடக்குது, வெளியில ஏணி போட்டுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டார். வேலை மூன்று நாள். மூன்று நாளும் பூஜை நடந்தது.

"பேனல் எல்லாம் படிக்கட்டு வழியாத்தான் மேல போச்சுக்கா. அவங்க வீட்டுப் பையனே தூக்கிட்டுப் போனான். நாங்க ரெண்டு பேரும் ஏணி" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் அதைவிட அதிகமாக உறுத்தியது அவன் அடுத்துச் சொன்னதுதான். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு காலனி வீட்டின் மேல்கூட அவன் பேனல் மாட்டியதில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள, பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தைப் பார்த்தாலே போதும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். சாதி கேட்கும் கட்டம் எதுவும் விண்ணப்பத்தில் தடையாக நிற்பதில்லை. சொந்த வீடும், பேனல் தாங்கும் கூரையும், மின் இணைப்பும் இருந்தால் போதும் என்கிறது விதி.

இந்த எளிய விதியோடு ஒரு காலனிக்குள் நடந்து பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். இங்கே ஒரு வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அடுத்த வீட்டுக்கு ஓடு. அதற்கடுத்தது பழைய தொகுப்பு வீடு. தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது, அல்லது பட்டாவே இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம். மானியமும் முன்னால் வருவதில்லை; மாட்டி, மீட்டர் பொருத்தி முடித்த பிறகே வங்கிக் கணக்கில் விழும். கடன் உண்டு என்பார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் எந்தத் தைரியத்தில் வங்கிப் படி ஏறுவது?

யாரிடம் நிலம் இருந்ததோ அவரிடம்தான் உறுதியான கூரையும் இருக்கிறது. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் என்ன ஆயின என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குத் தெரியும். நிலத்தைப் பறித்த சமூகத்தில், "கூரை உள்ள எல்லோருக்கும்" என்று எழுதினால் அது யாருக்குப் போகும் என்பது எழுதும்போதே முடிவாகிவிடுகிறது.

"காலனி வீடுகளுக்கு சோலார் லாபமில்லையே, தமிழ்நாட்டில் 100 யூனிட் இலவசம்தானே?" என்று ஒரு முற்போக்கு நண்பர் என்னிடம் கேட்டார். கணக்கு சரிதான். இரண்டு ஃபேன், நான்கு பல்பு, ஒரு டி.வி. உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஓடினால், முதல் 100 போக மீதிக்குத்தான் பணம். 3 கிலோவாட் பேனலோ நாளுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்கு மேல் தரும். இரண்டு ஏ.சி. ஓடுகிற வீட்டுக்குத்தான் அது லாபம். அந்த வீட்டுக்குத்தான் 78,000 ரூபாய் பொதுப்பணம் போகிறது. அதிகம் செலவழிப்பவருக்கே அதிகம் கிடைக்கும்படி கட்டப்பட்ட திட்டம் இது.

நண்பரின் கேள்வியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 100 யூனிட் இலவசம் என்பது அரசு கொடுக்கும்வரைதான். அடுத்த ஆட்சி நிறுத்தலாம். கூரைமேல் ஏறிய பேனல் 25 ஆண்டு உழைக்கும் சொத்து. அதை வைத்திருப்பவர் மின்சாரம் உற்பத்தி செய்கிறார், மிஞ்சியதை மின்வாரியத்துக்கு அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்கிறார். ஊர்த்தெரு உற்பத்தியாளராகிறது, காலனி பயனாளியாகவே நிற்கிறது. நமக்கு எப்போதும் விளக்குதான் கொடுப்பார்கள், விளக்கை எரிக்கும் பொறியைக் கொடுப்பதில்லை.

விளக்குக் கொடுத்த கதையும் நமக்குத் தெரியும். 2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் விளக்கை எரிப்பது பேட்டரி. பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள். அது செத்த பிறகு புதியது வாங்கும் காசு நூறு நாள் வேலைக்குப் போகும் குடும்பத்திடம் இருக்குமா?

மின் வாகன சார்ஜர் கதையும் வேறில்லை. வீட்டில் சார்ஜர் மாட்ட வேண்டுமென்றால் வண்டி நிறுத்தச் சொந்த இடம் வேண்டும். நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் டெலிவரி தொழிலாளி, வீட்டு உரிமையாளரின் மீட்டரில் ஒரு பிளக் பாயிண்ட் கேட்டுப் பார்க்கட்டும். சாதி சொல்லி வீடு பிடிப்பதே போராட்டமாக இருக்கிற நகரங்களில், சார்ஜர் மாட்டச் சுவரில் துளை போடக் கேட்பது எவ்வளவு தூரம்!

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்றார். அது பொதுவுடைமையாக இருப்பதா தனியாரிடம் இருப்பதா என்ற கேள்வியை 1943லேயே கொள்கைக் குழுவின் முன் வைத்தார். நாமோ 80 ஆண்டு கழித்து, யாருக்கு உரிமை என்று கேட்காமலே, கூரை உள்ளவருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"புவி வெப்பமடைவதற்குச் சாதி கிடையாது, எந்தக் கூரையில் மாட்டினாலும் நிலக்கரி மிச்சம்தானே?" என்பார்கள். மாட்டட்டும், சொந்தக் காசில் மாட்டட்டும். பொதுப்பணம் என்றால் அதில் நம் பங்கு எங்கே என்று கேட்போம். வெயிலில் முதலில் வேகிறவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூங்குகிறவர்கள்.

வழி இல்லாமல் இல்லை. ஒரு பொதுக் கட்டடத்தின் மேல் பேனல் மாட்டி, அதில் வரும் யூனிட்டுகளைப் பல வீடுகளின் மின் கணக்கில் பிரித்துக் கழிக்கும் முறைக்கு டெல்லியில் 2019லேயே விதி வகுத்துவிட்டார்கள். இந்த முறைக்குக் கூரை வேண்டாம், பட்டா வேண்டாம், மின் இணைப்பு போதும். தம்பி எங்கள் காலனிக்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறான்: ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் தளம் 2,000 சதுர அடி, நிழல் இல்லை. 20 கிலோவாட் மாட்டலாம். நாளுக்கு 80 யூனிட், இரண்டு மாதத்துக்கு 4,800. முப்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 160.

இதற்குத் தனி நிதி தேட வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று 2024இல் தமிழ்நாடு சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் காலனிகளுக்குக் கூட்டுச் சூரிய மின் நிலையம் அமைக்க வேண்டும். அது அங்கே வாழ்பவர்களின் கூட்டுச் சொத்தாகப் பதிவாக வேண்டும். பேட்டரி மாற்றவும் பராமரிக்கவும் ஆகும் செலவு முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும். மாட்டும் ஒப்பந்தம், அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் தொழில் தொடங்கியவர்களுக்கும், என் தம்பியைப் போல வேலை தெரிந்தவர்களின் கூட்டுறவுகளுக்கும் போக வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் காலனியின் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை வீடு, எந்தப் பொதுக் கட்டடம், எத்தனை சதுர அடி, எத்தனை யூனிட். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் காலனியிலிருந்து தம்பியும் நானும் போகிறோம்.