ஒன்பதை முதன்மை எண் என்று சொல்லும் நிரல்கள்

நிரலாக்கம் படிக்கத் தொடங்கின எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கணக்கு வந்து சேரும்: ஓர் எண்ணைக் கொடுத்தால் அது முதன்மை எண்ணா இல்லையா என்று சொல்லும் ஒரு சார்பை எழுதுக. உயர்தரத்தில் ஐசிரி எடுத்தால் வரும், கம்பஸ் முதலாம் வருசத்தில் வரும், பிறகு வேலைக்கான நேர்முகப் பரீட்சையிலும் வந்து நிற்கும். பத்து வரியைத் தாண்டாத வேலை. சின்னதாக இருக்கிறபடியால்தானோ என்னவோ, எங்கட பெடியள் இதை விளங்கிக்கொள்ளாமல் பாடமாக்கிவிடுகிறார்கள். ரியூட்டில் இருக்கிறதைக் கொப்பியில் எழுதி, சோதனையில் அப்படியே கக்கிவிட்டு வருவது. இப்ப அதுகூடத் தேவையில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால் மூன்று செக்கனில் தந்துவிடும்.

"பாடமாக்காதே எண்டு எல்லாரும் சொல்லுறதுதானே, இதில என்ன புதுசு?" என்று கேட்பீர்கள். பொதுவான புத்திமதி சொல்ல எனக்கும் விருப்பமில்லை. இந்த ஒரு கணக்கைப் பாடமாக்குகிறவர் எதை எதை இழக்கிறார் என்று மட்டும் பார்ப்போம்.

முதலில், தொடங்குகிறவர்கள் கனபேர் எழுதும் ஒரு பிழை. அவர்களிடம் வாயால் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வார்கள்: "2 இலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்க்கிறது. மீதி 0 வந்தால் முதன்மை இல்லை, வராட்டி முதன்மை." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. இதை அப்படியே லூப்புக்குள் போட்டுவிட்டு 9 ஐக் கொடுத்துப் பாருங்கோ. 9 ஐ 2 ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 0 வரவில்லை, ஆகவே "முதன்மை" என்று சொல்லிவிட்டு நிரல் முடிந்துவிடும். 3 ஐ அது பார்க்கவே இல்லை. 15, 21, 91 எல்லாம் இதே கதிதான். 91 என்பது 7 × 13.

"வராட்டி" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கருத்து ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு எண்ணால் வகுபடாவிட்டால் என்பது ஒன்று. எந்த எண்ணாலும் வகுபடாவிட்டால் என்பது மற்றது. பேசும்போது கேட்கிறவர் சரியானதை எடுத்துக்கொள்வார், கணினி எடுக்காது. "இல்லை" என்று சொல்ல ஒரு காரணி போதும், அகப்பட்ட உடனேயே சொல்லலாம். "ஆம்" என்று சொல்ல எல்லாவற்றையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். அதனால்தான் "ஆம்" லூப்புக்கு வெளியே, கடைசி வரியில் நிற்கிறது. ரியூட்டைப் பார்த்து எழுதியவருக்கு அது ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியாது. ஒருநாள் இரண்டு இடைவெளி தள்ளி எழுதிவிட்டால் ஏன் பிழைத்தது என்றும் தெரியாது.

இதில் மோசமான விசயம், இந்தப் பிழை இலேசில் பிடிபடாது. 7 கொடுத்தால் சரி. 10 கொடுத்தால் சரி. 13, 20 எல்லாம் சரி. வகுப்பில் பரிசோதிக்க இப்படியான எண்களைத்தானே கொடுப்போம்? இந்த நிரல் உண்மையில் ஒற்றையா இரட்டையா என்று மட்டும்தான் பார்க்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஒற்றைச் சேர்த்தி எண் வேண்டும்.

சரியானது இப்படி இருக்கும்:

முதன்மையா(எண்):
எண் 2 ஐ விடச் சிறிதெனில், "இல்லை"
வகுத்தி = 2
வகுத்தி × வகுத்தி ≤ எண் ஆக இருக்கும்வரை:
— எண்ணை வகுத்தியால் வகுக்க மீதி 0 எனில், "இல்லை"
— வகுத்தியோடு 1 ஐக் கூட்டு
(லூப் முடிந்தபின்) "ஆம்"

அந்த "வகுத்தி × வகுத்தி" எங்கிருந்து வந்தது? 36 இன் காரணிகளைச் சோடியாக எழுதுங்கோ: 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6. இதற்குப் பிறகு வருவதெல்லாம் முன்னம் வந்த சோடிகள்தான், தலைகீழாக. வர்க்கமூலத்தைத் தாண்டிப் பெரிய காரணி ஒன்று இருந்தால், அதன் சோடி வர்க்கமூலத்துக்கு இந்தப் பக்கம் ஏற்கெனவே அகப்பட்டிருக்கும். லாபத்தைக் கணக்குப் பார்க்க 1,000,000,007 என்ற முதன்மை எண்ணை எடுப்போம். கடைசிவரை வகுத்துக்கொண்டு போனால் நூறு கோடித் தடவை. பைதனில் ஓடவிட்டுத் தேத்தண்ணி போடப் போகலாம். வர்க்கமூலத்தோடு நிறுத்தினால் 31,621 தடவை. முடிந்துவிட்டதே தெரியாது.

"பாதிக்கு மேல பார்க்கத் தேவையில்லைத்தானே?" என்று சில பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். ஐம்பது கோடி என்பது இன்னும் கூடத்தான். ஆனாலும் வர்க்கமூலத்தைப் பாடமாக்கி எழுதின பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்குத்தான் நான் கூடப் புள்ளி போடுவேன். பாடமாக்கினவர் ≤ ஐ மறந்து < என்று போட்டால் 25, 49 எல்லாம் முதன்மை எண்ணாகிவிடும், அவருக்கு அது ஏனென்று தெரியவும் போவதில்லை.

முதல் வரியில் 1 ஐ ஏன் வெளியே தள்ளுகிறோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. டி. என். லெஹ்மர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1914 இல் வெளியிட்ட முதன்மை எண் பட்டியல் 1 இல்தான் தொடங்குகிறது. பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் அதை விலக்கிக்கொண்டார்கள். 12 ஐ முதன்மை எண்களின் பெருக்கமாக 2 × 2 × 3 என்று ஒரே விதமாகத்தான் எழுதலாம் என்பது பெரிய வசதி. 1 ஐச் சேர்த்தால் அந்த வசதி போய்விடும், பின்னால் எத்தனை 1 ஐ வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆக அந்த வரி மனிதர்கள் யோசித்து எடுத்த ஒரு முடிவு.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. இந்தச் சார்பு தொழிலில் உதவாது. இணையப் பாதுகாப்புக்கு எடுக்கிற முதன்மை எண்கள் 300 இலக்கங்களுக்கு மேல் போகும். வர்க்கமூலமே 150 இலக்கம், ஒவ்வொன்றாக வகுத்து முடிக்க ஏலாது. அங்கே மில்லர்–ராபின் போன்ற சோதனைகள்தான் ஓடுகின்றன. அவை "அநேகமாக முதன்மை" என்று மட்டும் சொல்லும், பிழைக்கும் சாத்தியத்தை எவ்வளவும் குறைக்கலாம். "அநேகமாக" இல்லாமல், எந்த எண்ணுக்கும் நிச்சயமாக, அதேநேரம் இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுமீறாமல் சொல்ல முடியுமா என்பது நெடுநாள் கேள்வி. முடியும் என்று 2002 இல் காட்டியவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அவரிடம் இளமாணிப் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இருவரும். நடைமுறையில் அது மில்லர்–ராபினைவிட மெதுவானது என்பதால் பெரும்பாலும் பாவிப்பதில்லை. ஆனால் தீர்ந்தது என்று எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு கேள்வியில் இன்னும் கேட்க இடமிருந்தது.

சாட்ஜிபிடி தருவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைச் சரிபார்க்க 1, 2, 9, 25 ஐக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் என்ர கவலை. அந்த ஆளை உருவாக்குவதற்கு வினாத்தாளை மாற்றவேண்டும். "எழுதுக" என்று கேட்பதை விட்டுவிட்டு, பிழையான சார்பு ஒன்றைக் கொடுத்து இப்படிக் கேட்கலாம்: இது 7, 10, 13, 20 ஆகியவற்றுக்குச் சரியான விடை தருகிறது. பிழையான விடை தரும் ஓர் எண்ணைக் கூறுக. எந்த வரியை எங்கே நகர்த்துவீர்?