டிங்கரிங் என்றால் இளப்பமா?
(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)

ஆண்டு மலர் என்றால் 'இளைஞர் சக்தி', 'விஞ்ஞான யுகம்' என்று கட்டுரை வருவது வழக்கம். நான் காரில் விழுகிற கீறலையும் ஒடுக்கையும் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார் செய்தார்கள். 1988-இல் உற்பத்தி நின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய். மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்டு கார் வந்துகொண்டிருந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. இப்படிக் கார் செய்கிற பூமியில் ஆட்டோமொபைல் படிக்கிறோம். ஆனால் ஒரு கதவில் டொக்கு விழுந்தால் எடுக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

கீறல் முதலில். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு மாலை நேரம் காரை நிறுத்திவிட்டு வந்தால் போதும், ஏதாவது ஒரு பைக் ஹேண்டில் கையெழுத்துப் போட்டிருக்கும். ஆனால் பைக்காரனைவிட அதிகம் கீறுவது கார் வைத்திருப்பவரேதான். காலையில் எழுந்ததும் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் 'பளபள' என்று துடைக்கிறாரே, அந்தத் தூசி மணல். துணி எமரி பேப்பர் ஆகிவிடுகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடு தெரியும். தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்ட பிறகு துடைத்தால் பாதிக் கீறல் விழாது.

காரின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் மேல் துரு பிடிக்காமல் ஒரு பூச்சு, பிரைமர், கலர், கடைசியாகக் கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் எந்த அடுக்குவரை கீறல் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கு மெஷின் வேண்டாம், விரல் நகம் போதும். வண்டியைக் கழுவிக் காயவைத்து, கீறலுக்குக் குறுக்கே நகத்தால் மெதுவாக வருடுங்கள். நகம் தட்டவில்லை என்றால் கிளியர் கோட்டோடு போச்சு. நிழலில், பாடி சூடு ஆறிய பிறகு, ரப்பிங் காம்பவுண்டைக் கையாலேயே தேய்த்து எடுத்துவிடலாம். டூத் பேஸ்ட் வைத்துத் தேய்ப்பது வெறும் புரளி இல்லை. அதிலும் மெல்லிய பொடி இருக்கிறது, லேசான கோட்டுக்கு ஓரளவு கேட்கும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைக் கையில் எடுத்தால் மட்டும் நிதானம் வேண்டும். கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான். ஒரு இடத்திலேயே நின்று தேய்த்தால் கலர் வந்துவிடும்.

நகம் தட்டி, உள்ளே வெள்ளித் தகடு தெரிந்தால் தள்ளிப் போடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் நின்றால் பழுப்பு ஏறும். சுத்தம் செய்து, துருவைச் சுரண்டி, குச்சி முனையால் பிரைமர் வைத்து, காய்ந்த பிறகு டச்-அப் பெயின்டை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேடு தட்டும். எந்த வெள்ளை, எந்தச் சிவப்பு என்று கடையில் குழம்ப வேண்டாம். கலர் கோட் வண்டியிலேயே ஒரு தகட்டிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். மழை பிடித்திருக்கிற நாளில் பெயின்ட் வேலையே ஆகாது, ஈரக்காற்றில் பூத்துப் போய்விடும்.

இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி ஆரம்பித்து, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும். ஒரு பம்பர் கீறலுக்காக அதை இழப்பது யானையைக் கொடுத்துப் பூனை வாங்குகிற வியாபாரம்.

ஆனால் ஒடுக்கு வேறு கதை. வெந்நீர் ஊற்றி உறிஞ்சு ரப்பரால் இழுத்தால் வந்துவிடும் என்று வீடியோ போடுகிறார்கள். பம்பருக்கு அது சரி. அது பிளாஸ்டிக், சூட்டில் இளகும். இரும்புத் தகட்டுக்கு வெந்நீர் குளிப்பாட்டிய மாதிரிதான். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் யீல்டு பாயிண்ட் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதைத் தாண்டாத இடம் தானாகத் திரும்பும். தாண்டி மடிந்த இடத்தில் தகடு நீண்டு, இறுகிப் போயிருக்கும். அதைப் பின்னால் இருந்து ஓங்கி ஒரு அடி அடித்தால் பள்ளம் மேடாகும், அவ்வளவுதான்.

என் அப்பா டிங்கர். முடிச்சூர் சாலைப் பக்கம் தகரக் கொட்டகை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். யீல்டு பாயிண்ட் என்றால் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் கடைசியாக நசுங்கின இடத்தைத்தான் முதலில் எடுப்பார், நடுப்பள்ளத்தில் கை வைக்கவே மாட்டார். உள்ளே டாலியை முட்டுக் கொடுத்து, வெளியே சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டி ஓரத்திலிருந்து வருவார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பிறகு உள்ளங்கையில் மெல்லிய துணியை வைத்துக் கதவைத் தடவுவார். வெறும் கைக்குத் தெரியாத மேடு பள்ளம் துணி வழியாகத் தெரியும். நம்பாதவர்கள் செய்து பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது நான் சின்னப் பையன். அதன்பிறகு பல மாதம் கொட்டகைக்கு வந்த கார்களில் கதவின் அடிப்பக்கம் உள்ளிருந்தே அரித்திருந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. சேறு அதை அடைத்துவிட்டது. வெளியே கீறல்கூட இல்லாத வண்டிகள்! மழைக்காலம் முடிந்ததும் ஒரு குச்சியால் அந்த ஓட்டையைக் குத்திவிட ஐந்து நிமிஷம் ஆகாது.

இவ்வளவு தெரிந்த மனுஷன் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்று: "படிச்சிட்டு இந்தச் சுத்தியலைத் தொட்டுறாதடா." ஏன் சொல்கிறார் என்று தெரியாமலில்லை. கொட்டகையில் பெயின்ட் அடிக்கிற அண்ணனுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ராத்திரியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருமுகிறார். ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்டில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமா கொண்டுவரும், கெடுதல் செய்யும் அளவில்கூட வாசனை தெரியாது. முகத்தில் கட்டின கர்ச்சீப் அதைத் தடுக்கவே தடுக்காது. முறையான பெயின்ட் பூத்தில், வெளியிலிருந்து நல்ல காற்று வருகிற முகமூடி போட்டு அடிப்பார்கள். எங்கள் கொட்டகையில் பூத் கிடையாது, வேப்பமரம்தான். அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: வீட்டில் பிரஷ்ஷால் புள்ளி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹார்டனர் கலந்த பெயின்டை வீட்டு வாசலில் ஸ்பிரே அடிக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கும்.

அப்பா சொல்வதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்கிறேன். கெட்டது தொழில் இல்லை, அதைச் செய்கிற விதம். ஐ.டி.ஐ.களுக்கு ஆட்டோ பாடி ரிப்பேர், ஆட்டோ பாடி பெயின்டிங் என்று தனித்தனி டிரேடே இருக்கிறது. வேர்ல்டு ஸ்கில்ஸ் உலகப் போட்டியில் இந்த இரண்டு வேலைக்கும் பதக்கம் கொடுக்கிறார்கள். நாமோ முதலாண்டு ஷீட் மெட்டலில் ஒரு புனல் செய்தோம், ஒரு டிரே செய்தோம், ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினோம். அதோடு சரி. எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் இன்ஜினியரிங், கதவை நிமிர்த்தினால் கூலி வேலையா?

இனி வருகிற வண்டிகள் இன்னும் படிப்புக் கேட்கும். சில கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. அதற்கு முன்னால் கனமாகப் பட்டி பார்த்தால் ரேடார் சரியாகப் பார்க்காது. சில பில்லர்களில் உயர் வலிமை ஸ்டீல். கேஸ் கட்டிங்கால் சூடு காட்டினால் அதன் பலம் போய்விடும். வெளியே நிமிர்ந்திருக்கும், அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றாது. அப்பாவின் கைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நம் புத்தகத்துக்கு அப்பாவின் கை கிடையாது. இரண்டையும் சேர்க்க நம்மை விட்டால் வேறு யார்?

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. அடுத்த வருட நிதியில் புதுப்பேட்டையிலிருந்து நாலு பழைய கதவுகள் வாங்கித் தாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலை போதும். சுத்தியலும் டாலியும் எங்கள் கொட்டகையிலிருந்து நான் கொண்டு வருகிறேன். சொல்லித்தர ஆள் வேண்டுமே என்று அப்பாவிடம் கேட்டேன். "காலேஜுக்கா? நானா?" என்று இரண்டு தடவை கேட்டார். சனிக்கிழமை என்றால் வருவாராம்.