ஒரு ஸ்ட்ரிப் எதிர்ப்புச் சக்தி

மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்குக் காலை வியாபாரம் பெரும்பாலும் பிரஷர், சுகர் மாத்திரைதான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "ஏம்ப்பா, இம்யூனிட்டிக்கு நல்லதா ஒண்ணு குடேன்." அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் கேட்டுவிட்டு வரும் மாமாவும் கேட்கிறார், ஸ்டேஷன் ரோட்டில் பூக்கட்டும் அம்மாவும் கேட்கிறார். 2020-ல் வைட்டமின் சி-க்கும் ஜிங்க்குக்கும் அலைந்தோமே, அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. விற்றால் எனக்கு லாபம்தான், மற்ற மாத்திரைகளைவிட இதில் மார்ஜின் அதிகம். இருந்தாலும் சொல்கிறேன்: எதிர்ப்புச் சக்தி, ஏற்ற ஏற்ற நல்லது என்கிற சரக்கே அல்ல.

இதற்குக் காசநோயைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். காற்றில் வரும் காசக் கிருமி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே அதை எதிர்கொள்வது மேக்ரோபேஜ் என்ற செல். விழுங்குவதும், விழுங்கியதை உள்ளே இருக்கும் அமிலப் பையோடு சேர்த்துக் கரைப்பதும் அதன் வேலை. காசக் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிட்டு, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அதன்பிறகு நோயின் போக்கு, அந்தச் செல் பிழைக்கிறதா, செத்தால் எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்தது. மேலுறை கிழியாமல் சுருங்கி, பொட்டலமாக மடிந்து செத்தால், பக்கத்து மேக்ரோபேஜ் அதைக் கிருமியோடு சேர்த்தே விழுங்கி முடித்துவிட வாய்ப்பு உண்டு. வெடித்துச் செத்தாலோ கிருமி வெளியே கொட்டிப் பெருகும். நுரையீரலில் ஓட்டை விழுவதும், இருமலில் அடுத்தவருக்குத் தொற்றுவதும் இந்த இரண்டாவது வகைச் சாவின் விளைவு.

இதைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர்களில் ஒருவர் லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. பரோடாவில் மருத்துவம் படித்தவர், இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறார். வரிக்குதிரை மீன் குஞ்சின் உடம்பு உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி தெளிவானது. அதில் காசக் கிருமியின் பங்காளியான ஒரு கிருமியைச் செலுத்தி, மைக்ரோஸ்கோப்பில் நடப்பதைப் பார்த்தது இவருடைய குழு. டி.என்.எஃப். என்று ஒரு பொருள் உடம்பில் சுரக்கிறது. மேக்ரோபேஜைச் சண்டைக்கு உசுப்பிவிடுவது அதுதான். அது குறைந்தால், செல்லுக்குள் கிருமி மிதமிஞ்சிப் பெருகி, செல் வெடிக்கிறது. இது எதிர்பார்த்ததே. அது அளவுக்கு மேல் போனாலும் செல் வெடிக்கிறது என்பதுதான் 2012, 2013 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளின் சேதி. டி.என்.எஃப். எகிறும்போது செல்லின் மைட்டோகாண்ட்ரியா வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொட்டுகிறது. அவை முதலில் கிருமியைக் கொல்கின்றன, அடுத்து செல்லையே கொன்றுவிடுகின்றன. தப்பிய கிருமிக்குக் கொண்டாட்டம்.

மீன் வேறு, மனிதன் வேறு என்பார்கள். சரிதான். ஆனால் மனிதர்களிடம் இதன் ஒரு பாதி 2001-லேயே தெரிந்துவிட்டது. முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப்-ஐக் கட்டிப்போடும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சிலருக்கு, உள்ளே தூங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொண்டது. அதனால்தான் அந்த ஊசிக்கு முன்னால் காசநோய் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். மறுபாதிக்கு 2004-ல் வியட்நாமில் நடந்த ஆய்வைப் பாருங்கள். காசநோய் மூளையுறையைத் தாக்கியவர்களுக்குக் காச மருந்தோடு, அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோனையும் கொடுத்தபோது சாவு குறைந்தது. 2020 ஜூனில் கொரோனாவிலும் இதே டெக்ஸாமெத்தசோன்: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் தரவில்லை. ஒரே மாத்திரை ஒருவரைக் காப்பாற்றும், இன்னொருவரைக் கவிழ்க்கும். ஆளையும் நேரத்தையும் பார்த்து எழுத டாக்டர் வேண்டும்.

எங்கள் கவுன்டரில் நடப்பது வேறு. மடிப்பில் கிழிந்து, மை வெளுத்த ஒரு பழைய சீட்டு வரும். "மூட்டு வலிக்குப் போன வருஷம் எழுதினது, இதைப் போட்டாத்தான் வேலை ஓடுது." பார்த்தால் ப்ரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோனைப் போலவே ஒரு ஸ்டீராய்டு. முகம் உப்பியிருக்கும், சுகர் ஏறியிருக்கும், வீட்டில் மாமனாருக்கு மூன்று வாரமாக இருமல் இருக்கும். ஒரு நாளைக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு மாதம் சாப்பிட்டாலே காசநோய் ஆபத்து கூடும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. நான் கொடுக்க மறுத்தால், அடுத்த தெருவில் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி டெஸ்ட் இலவசம் என்று சொன்னால், "அதெல்லாம் அந்த வியாதி இல்லீங்க" என்று முகம் சுளிக்கிறார்கள். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம்தான், சானடோரியத்துக்குப் போகாமல் வீட்டிலேயே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டியது. அந்த ஊரில் இந்த வெட்கம்!

2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்ட'த்தில், நோயாளி வந்ததும் பார்ப்பது என்னென்ன தெரியுமா? உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. நிலைமை மோசமென்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். முன்பக்கம் 'இம்யூனிட்டி' என்று கொட்டை எழுத்திலும், பின்பக்கம் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்திலும் அச்சடித்து வரும் டப்பாவுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் பின்பக்க வரியை முன்பக்கம் அதே அளவில் போடச் சொன்னால் போதும், பாதி வியாபாரம் படுத்துவிடும். எனக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், சக கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. காச மருந்து விற்றால் எழுதியவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் 'எச்1' பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 முதல் சட்டம். ஸ்டீராய்டு மாத்திரைகளையும் அதில் சேர்க்க வேண்டும். கூட்டத்தில் யார் எழுதுவது என்பார்கள். பதிவேடு ஏற்கெனவே கல்லாப்பெட்டி பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும்.