செகண்ட்ஸ் சரக்கும் கம்ப்யூட்டர் சில்லும்

திருப்பூர் பனியன் வியாபாரத்தில் 'செகண்ட்ஸ்' என்பது ரகசிய வார்த்தை அல்ல. தையல் விலகியது, துணியில் ஓட்டை விழுந்தது, சாயம் சீராக ஏறாதது முதலிய உருப்படிகளைப் பரிசோதனையில் கழித்து ஒதுக்குகிறார்கள். அவை காதர்பேட்டைக் கடைகளில் சகாய விலைக்குப் போகின்றன. குறை இன்னதென்று தெரிந்தே பேரம் நடக்கிறபடியால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மனஸ்தாபம் உண்டாவதில்லை.

கம்ப்யூட்டர் சில்லு செய்யும் பெரிய கம்பெனிகளிலும் இதே வழக்கம் உண்டு என்றால் நேயர்களில் சிலர் வியப்படையக்கூடும். 2008-ம் வருஷத்தில் ஏ.எம்.டி. கம்பெனியார் மூன்று மையங்கள் கொண்ட பினம் சில்லுகளை விற்பனைக்கு அனுப்பினார்கள். வார்க்கும்போது அவற்றில் நான்கு மையங்கள் இருந்தன. ஒன்று தேறாமற்போன சில்லை எறிந்துவிடாமல், அந்த ஒன்றை மட்டும் அடைத்து, மூன்றுக்கு உரிய விலையில் விற்றார்கள். இதில் மோசடி ஏதும் இல்லை. காதர்பேட்டை நியாயந்தான்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பரிசோதனையில் தேறி, முழு விலைக்கு விற்று, வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு குறை வெளிப்பட்டால் கம்பெனி என்ன செய்கிறது?

1994-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்துக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி என்பவர், இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளில் தப்பான விடை தருவதைக் கண்டார். சில்லுக்குள் பதித்திருந்த அட்டவணையில் சில இலக்கங்கள் விட்டுப்போனதே காரணம். கம்பெனிக்கு இது முன்னமே தெரிந்திருந்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. விஷயம் பகிரங்கமான பின்பு, சாதாரண மனிதருக்கு இப்பிழை 27,000 வருஷத்துக்கு ஒரு முறைதான் நேரும் என்றார்கள். சில்லு தமக்கு அவசியம் மாற்றப்பட வேண்டும் என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே மாற்றித் தரப்படும் என்றும் சொன்னார்கள். காசு கொடுத்தவன் தனக்கு நல்ல சரக்கு வேண்டுமென்பதற்குச் சாட்சியமும் கொண்டுவர வேண்டுமாம்! டிசம்பரில் ஐ.பி.எம். கம்பெனியார், கணக்கு வேலை மிகுந்தவருக்கு 24 நாளைக்கு ஒரு முறை பிழை நேரலாம் என்று சொல்லி, பென்டியம் யந்திரங்களை அனுப்புவதை நிறுத்தினார்கள். (ஐ.பி.எம். அப்போது பவர் பிசி என்னும் போட்டிச் சில்லில் பங்காளி என்பதையும் நாம் மறக்கவில்லை.) சில நாட்களில் இன்டெல் இறங்கி வந்து, கேட்ட எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். வாயைத் திறந்து முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு அவமானம் நேர்ந்திராது என்பது நம் அபிப்பிராயம்.

அந்தப் பாடம் அக்கம்பெனிக்குச் சிறிது உறைத்தது போலும். 2011 ஜனவரி 31-ம் தேதி, தன் புதிய துணைச் சில்லு ஒன்றில் சில இணைப்புகள் நாளடைவில் நலிந்துபோகும் என்று தானே அறிவித்து, அனுப்புவதை நிறுத்தியது. சரக்கு வெளிவந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. மாற்றித் தரும் செலவு 70 கோடி டாலர் ஆகும் என்றும் சொன்னது.

பாட்டரி விஷயத்தில் யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை, தீப்பற்றும் அல்லவா? 2006-ல் சோனி செய்த பாட்டரிகளுக்காக டெல் கம்பெனி 41 லட்சம் மடிக்கணினி பாட்டரிகளைத் திரும்ப அழைத்தது. 2007 ஆகஸ்டில் நோக்கியா, மட்சுஷிட்டா தயாரித்த பி.எல்.-5சி பாட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. நம் தேசத்திலும் ஜனங்கள் தொலைபேசியைத் திறந்து, பாட்டரியின் முதுகில் இருந்த எண்ணைச் சரிபார்த்தார்கள்.

ஆக, நெருப்பு என்றால் உடனே அழைப்பு. மெல்லக் கெடுவது என்றால் வாதப் பிரதிவாதம். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறைச் சில்லுகள் மிதமிஞ்சிய மின்னழுத்தத்தால் கெடுவது தெரிந்தபோது, கம்பெனி அவற்றைத் திரும்ப அழைக்கவில்லை. உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டி, ஒரு திருத்தத்தையும் வெளியிட்டது. அத்திருத்தம் இனிக் கெடாமல் காக்குமேயன்றி, முன்பே கெட்டதைச் செப்பனிடாது.

நிற்க. அமராவதி நகரில் ஒரு குடும்பத்தார் பையனின் படிப்புக்கென்று உடுமலையில் ஒரு யந்திரம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினான்காம் மாதத்தில் அது படுத்துவிட்டால், வருஷ உத்தரவாதம் தீர்ந்தது என்று கடைக்காரர் கையை விரிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சில்லை அவர் வார்க்கவில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான சரக்கைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. வெறுமனே மட்டமான சரக்குக்கு அவ்வழி இல்லை. அதற்கு மாவட்ட ஆணையத்தில் தனியே முறையிட வேண்டும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் தவணை உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. யந்திரத்தின் வரிசை எண் எழுதிய ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும். கடைக்காரர் அதைத் தாமாக எழுதித் தருவது அபூர்வம். கேட்டு வாங்குவதே வழி.