கட்டியும் கத்தியும்

பெரகலச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் மலைச்சரிவுகளிற் கொழுந்து பறிக்கும் பெண்டிர் இடுப்பிலே படங்கு கட்டுவது வழக்கம். தேயிலைச் செடியின் கீறலினின்றும் உடலைக் காப்பது அது. அதன் அடியில் நோயையும் மறைத்து வாழ்வோர் உளர். எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் அன்னையார், வயிற்றுச் சுவரில் எழுந்த கட்டியொன்றை ஈராண்டுகள் அவ்வாறே மறைத்து வைத்திருந்தார். ஒருநாட் பேர் போய்விடுமே என்பது ஒரு கவலை. கத்தி வைத்தால் உயிரே போய்விடுமோ என்பது மற்றொன்று. ஈற்றில் வைத்தியசாலை சென்றவர், கையொப்பமிடத் தந்த தாளில் எழுதியிருந்தது விளங்காமையால் இடாமலே திரும்பிவிட்டார்.

அவருக்கு விளக்கியிருக்க வேண்டியது யாது? வயிற்றுச் சுவரிலே தோன்றும் கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல. தோலின் கீழே மெத்தென்று நகரும் கொழுப்புக்கட்டியைப் பலரிடத்துங் காணலாம். சிறிதாயின், அவ்விடத்தை மட்டும் ஊசியால் விறைக்கச் செய்து அகற்றுவர்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். தசையையும் அதன் உறையையும் பற்றி வளரும் டெஸ்மொயிட் என்னும் நார்க்கட்டி, மகப்பேற்றை அடுத்த காலத்தும் பெண்களுக்கு உண்டாவது. அது பிற உறுப்புகளுக்குப் பரவாது. ஆயின் வெட்டிய இடத்திலே மீண்டும் முளைத்தலும் உண்டு. ஆதலின் இக்கால வைத்தியர் உடனே கத்தி எடாது, ஸ்கேன் படம் பிடித்துக் கண்காணித்தே முடிவு செய்வர். ஐந்து சென்ரிமீற்றரினும் பெரிதாய், ஆழமாய், விரைந்து வளர்வது சார்க்கோமா என்னும் புற்றாதல் கூடும். ஊசியாற் சிறுதுண்டு எடுத்துச் சோதித்தபின், சுற்றியுள்ள நல்ல இழையத்தின் விளிம்போடு அதனை அகற்றுவர். சுவரில் விழும் பெருந்துவாரத்தைச் செயற்கை வலையால் அடைப்பர். இருமும்போது புடைத்துப் படுத்தால் மறைவதோ பெரும்பாலும் குடலிறக்கம். அதற்குச் சூடு போடுதலும் எண்ணெய் தேய்த்து அமுக்குதலும் உயிருக்கே இடர்.

இவற்றைத் தமிழிற் கூறுதல் அரிதோ? அமெரிக்காவின் மசாச்சுசெற்சிற் பிறந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே பயிற்றினார். ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இலேயே தமிழில் வெளிவந்தது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நூலும் உண்டு, சட்டமும் உண்டு. நோயாளியின் அருகே நின்று எடுத்துரைக்க ஆள் இன்மையே குறை.

அஃது அரசாங்கத்தின் கடன் என்பார் உளர். மெய்தான், அதனைக் கேட்டுப் பெறுதலும் வேண்டும். ஆயினும் வளருங் கட்டி ஆணைக்குக் காத்திராது. அவ்வன்னையாருடன் மறுமுறை யாமே சென்றோம். அவர் கேட்டது ஒன்றே: “வாத்தியாரையா, திரும்ப எப்போ கொழுந்துக்குப் போகலாம்?” வைத்தியர் சொன்ன விடையைத் தமிழிற் சொன்னோம். அவர் கையொப்பமிட்டார்.

இப்பணிக்கு வேண்டியது ஒரு முற்பகலே. எம் கல்லூரியில் இரு மொழியுங் கற்று வெளியேறிய பழைய மாணவர்காள்! உங்கள் தோட்டத்து நோயாளி ஒருவரோடு ஒருமுறை வைத்தியசாலைக்குச் சென்று வாருங்கள். விழாவிற்கு ஏற்றும் விளக்கினும் அது கல்லூரிக்குப் பெருமை தருவதாகும்.