படிக்கும் பிள்ளைக்கு நேரம் கொடுங்கள்

பத்தாம் வகுப்பு பரீட்சை நெருங்கினால், மாணவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். "கால அட்டவணை போட்டுப் படி" என்பார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் தாராவியிலோ, சயான் கோலிவாடாவிலோ ஒரே அறையில் ஐந்தாறு பேருடன் வாழும் பிள்ளை போடுகிற அட்டவணை எத்தனை நாளைக்கு நிற்கும்?

மாலை 6 மணிக்குக் கணக்கு என்று எழுதி வைத்திருப்பான். அந்த நேரத்தில்தான் அப்பா வேலை முடிந்து வருவார். 7 மணிக்கு அறிவியல். கடைக்குப் போய் வரச் சொல்வார் அம்மா. 8 மணிக்கு டி.வி. ஓடும். காலையில் எழுந்து படிக்கலாம் என்றால், குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. இட்லி வியாபாரம் நடக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

பிள்ளை சோம்பேறி அல்ல. அவனுடைய நேரம் அவன் கையில் இல்லை. அதுதான் உண்மை.

உடைந்து போகும் நேரம்

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடம், டியூஷன், போய் வருவது எல்லாம் சேர்ந்து 8 மணி நேரம். தூக்கம் 7 மணி நேரம். குளியல், சாப்பாடு, வீட்டு வேலை என்று 5 மணி நேரம். மீதி 4 மணி நேரம் இருக்கிறது. அது குறைவான நேரம் அல்ல.

ஆனால் அந்த 4 மணி நேரமும் கால் மணி, அரை மணி என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. கால் மணியில் பத்து வார்த்தைகளை மனப்பாடம் செய்யலாம். புரியாத அல்ஜீப்ரா கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. நடுவில் மூன்று தடவை எழுப்பினால், மூன்று தடவையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே அட்டவணையைப் பிள்ளை மட்டும் போட்டால் போதாது. வீடு சேர்ந்து போட வேண்டும்.

ராம்ஜி செய்த ஏற்பாடு

இதற்கு மும்பையிலேயே உதாரணம் உண்டு. டாக்டர் அம்பேத்கர் பள்ளியில் படித்தபோது, அவருடைய குடும்பம் பரேல் பகுதியில் தொழிலாளர்கள் வாழும் சால் ஒன்றில், ஒரே அறையில் இருந்தது. எல்லோரும் படுக்கவே இடம் போதாது. தந்தை ராம்ஜி ஒரு வழி செய்தார். மகனை முன்னிரவிலேயே தூங்க வைத்தார். தாம் 2 மணி வரை விழித்திருந்தார். பிறகு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிட்டு, தாம் படுத்தார்.

1907-ல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். வாங்கிய மார்க் 750-க்கு 282. அவரே பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் டாக்டர் பட்டங்கள் பெற்றார்.

இன்று பிள்ளைகளை இரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டும் என்பதல்ல. வளரும் பிள்ளைக்குத் தூக்கம் அவசியம். கவனிக்க வேண்டியது வேறு. அங்கே அட்டவணை போட்டவர் தந்தை. அதற்காகத் தம் தூக்கத்தைத் தள்ளி வைத்தவரும் அவரே.

எது முதலில்?

கிடைக்கும் நேரத்தில் எதை முதலில் படிப்பது என்பதும் முக்கியம். மகாராஷ்டிரா எஸ்.எஸ்.சி. பரீட்சையில் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மார்க். அதில் 20 மார்க் வாய்மொழி, செய்முறை, வீட்டுப்பாடம் போன்றவற்றுக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. ஆறு பாடத்துக்கும் சேர்த்து 120 மார்க். நோட்டைக் குறித்த தேதியில் முடித்துக் கொடுப்பதற்குப் பெரிய மூளை தேவை இல்லை. எனவே முதல் வேலை அது.

அடுத்தது, வராத பாடம். கணக்கில் 25 வாங்கும் பையன், பிடித்த பாடமான வரலாற்றையே திரும்பத் திரும்பப் படிப்பான். பார்ப்பவர்களுக்கு நன்றாகப் படிப்பதுபோல் தெரியும். வரலாற்றில் ஐந்து மார்க் கூடுவதால் கணக்கில் தேறிவிட முடியுமா? தேறுவதற்கு 35 வேண்டும். மனம் தெளிவாக இருக்கும் நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்க வேண்டும். பிடித்த பாடத்தைக் களைத்த நேரத்திலும் படிக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மராத்தியும் இப்படித்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். மராத்தியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி விடுகிறார்கள். மொழி ஒரு வாரத்தில் வந்துவிடாது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் வரும்.

பெண் பிள்ளையின் நேரம்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகனுக்குப் பரீட்சை என்றால் வீடு அமைதியாகி விடுகிறது. மகளுக்குப் பரீட்சை என்றால் தண்ணீர் பிடிப்பதும், பாத்திரம் கழுவுவதும், தம்பியைப் பார்த்துக் கொள்வதும் அப்படியே இருக்கின்றன. வினாத்தாள் இருவருக்கும் ஒன்றுதான். நேரத்திலே மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?

"உழைத்தால்தான் சாப்பாடு, பிள்ளைகளும் ஒத்தாசை செய்யத்தான் வேண்டும்" என்று பெற்றோர் சொல்வார்கள். அதில் தவறு இல்லை. வேலையே செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்கு ஒரு நேரம் வைத்தால் போதும். மாவு அரைப்பதும் கடைக்குப் போவதும் 7 மணிக்குள் முடியட்டும். 7 முதல் 9 வரை டி.வி. வேண்டாம். அப்பாவின் செல்போனும் சத்தம் போட வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளையை யாரும் எழுப்பக் கூடாது.

அதற்கும் வழி இல்லாத வீடுகள் உண்டு. அங்கே தமிழ்ச் சங்கங்கள் கை கொடுக்கலாம். அதிக மார்க் வாங்கியவர்களுக்கு ஆண்டு விழாவில் கேடயம் கொடுப்பது நல்ல காரியம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சங்கத்தின் அறையைத் திறந்து, விளக்கும் பாயும் கொடுத்து, மாலையில் பிள்ளைகளை உட்கார வைப்பது அதைவிட நல்ல காரியம்.

பரீட்சை பிப்ரவரி, மார்ச்சில் வரும். வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து அந்த இரண்டு மணி நேரம் எது என்று முடிவு செய்யட்டும். அதற்குப் பணம் செலவாகாது.