தாவீது கேட்காத கேள்வி

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 1:5-6, உபாகமம் 22:8



பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகிக் கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் நாட்களில் நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு விவாதம் எழுகிறது. பிள்ளைக்கு எந்த வண்டி வாங்குவது? தகப்பனார் பைக் என்கிறார். தாயார் ஸ்கூட்டர் போதும் என்கிறார். பழைய காராயினும் நான்கு சக்கரமே பாதுகாப்பு என்கிறார் தாத்தா.

நாம் வண்டிகளின் ஊரில் வாழ்கிறவர்கள். 1980இல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்துதான் புறப்பட்டது. அசோக் லேலண்ட் லாரிகளும் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்களும் இங்கே உருவாகின்றன. ஓலா ஸ்கூட்டர்கள் போச்சம்பள்ளியில் உருவாகின்றன. ஆகவே வண்டியின் விலையும் மைலேஜும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் "எந்த வண்டி" என்பதற்கு முன்னே நிற்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இப்போதே வேண்டுமா?"

தாவீதின் குமாரனாகிய அதோனியா அரியணைக்கு ஆசைப்பட்டபோது, இரதங்களையும் குதிரைவீரரையும், தனக்கு முன்னே ஓட ஐம்பது பேரையும் தேடிக்கொண்டான். அவன் அண்ணன் அப்சலோமும் முன்பு அப்படியே செய்திருந்தான். அதோனியா சிறுவன் அல்லன், வளர்ந்தவன். ஆயினும் வேதம் அவனுடைய வளர்ப்பையே சுட்டிக்காட்டுகிறது: ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தகப்பன் ஒருநாளும் அவனைக் கேட்டு மனம் நோகச் செய்ததில்லை. கோலியாத்தை எதிர்கொண்ட தாவீது, மகனுடைய முகவாட்டத்தை எதிர்கொள்ளத் துணியவில்லை. இரண்டு குமாரரும் பட்டயத்தாலும் ஈட்டியாலும் மடிந்தார்கள்.

நாட்டின் சட்டம் அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கிறது. 18 வயது நிறையாதவர் பொதுச்சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது. 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் 16 வயதில் உரிமம் உண்டு. "எக்ஸ்எல் தானே, சின்ன வண்டிதானே" என்கிறோம். இன்றைய எக்ஸ்எல் 100 அந்த வரம்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. மின்சார வண்டிகளிலும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 250 வாட்டுக்கு உட்பட்டவற்றுக்கே விலக்கு உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

2024 மே மாதம் புனே நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் காவல் துறை கூறிய போர்ஷே கார் மோதி, இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். விபத்துகளைக் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லிச் சிறுவனுக்கு ஜாமீன் வழங்கப்பட்டபோது தேசமே கொதித்தது. பின்பு தகப்பனாரும் கைதானார். நம்மிடம் போர்ஷே இல்லை என்று ஆறுதல் கொள்ளவேண்டாம். ஓர் உயிரைப் பறிக்கத் தவணையில் வாங்கிய பைக்கே போதும்.

புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று மோசே கட்டளையிட்டார். விழுகிறவன் கவனமாக இருந்திருக்கலாமே என்று வேதம் வாதிடவில்லை. பொறுப்பை வீட்டுக்காரன்மேல் வைக்கிறது. சாவியைக் கையில் கொடுக்கிறவனும் அப்படிப்பட்ட வீட்டுக்காரனே.

சிப்காட் ஆலைகளில் வேலை செய்கிற சகோதரர்களே, பிரேக்கைச் சோதிக்காமல் ஒரு வண்டியை வெளியே அனுப்புவீர்களா? ஓட்டப்போகிற மகனைச் சோதிக்காமல் சாவியைக் கொடுப்பது மட்டும் எப்படி நியாயமாகும்?

பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, டியூஷன் முடிய இருட்டிவிடுகிறது, பெண்பிள்ளை தனியே நடக்கவேண்டியிருக்கிறது. இவை மெய்யான கஷ்டங்கள். ஒரே தெருவின் பெற்றோர் முறைவைத்து அழைத்துவந்தால் பாரம் குறையும். பிளஸ் ஒன் மாணவருக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. அந்த வயதுக்கு அது தாழ்வான வாகனமல்ல. 18 நிறைந்து உரிமம் பெற்றபின், வீட்டிலுள்ள பழைய, வேகம் குறைந்த வண்டியில் தொடங்கட்டும். தகப்பன் சில மாதங்கள் பின்னே அமர்ந்து போகட்டும். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருக்கட்டும். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கல்லூரிக்குச் செல்வோர், லாரிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலை 44இல் தனியே ஓட்டாமல், முதல் ஆண்டிலாவது பேருந்தில் செல்வதே நல்லது என்பது என் துணிபு.

பக்கத்து வீட்டுப் பையனிடம் வண்டி இருக்கிறதே என்று பிள்ளை வாடும். சில நாள் வாடட்டும். மறுக்கத் தெரிந்த அன்பே காக்கிற அன்பு.

ஜெபம்: பரம தகப்பனே, பிள்ளைகளிடம் கேட்கவேண்டியதைக் கேட்கும் தைரியத்தையும், பொறுத்திருக்கும் மனதைப் பிள்ளைகளுக்கும் தாரும். எங்கள் சாலைகளில் செல்லும் யாவரையும் காத்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.